கொல்லையில் ஒரு கொல்லன் உலை

"இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்று பழமொழி சொல்வார்கள். கோலமும் குழம்பும் குழந்தை வளர்ப்பும் பேசுகிற பக்கத்தில் கொல்லுப் பட்டறைக்கு என்ன வேலை என்று நீங்களும் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் வேலை இருக்கிறது.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளை இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். எப்போது பார்த்தாலும் கையில் செல்போன். "அதைக் கீழே வைத்துவிட்டு உருப்படியாக ஏதாவது செய்யேண்டா!" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்துப் போயிற்று. ஒரு நாள் பையன் நிஜமாகவே செல்போனைக் கீழே வைத்தான். "அம்மா, கொல்லையில் சின்னதாக ஒரு கொல்லுப் பட்டறை போடப் போகிறேன்" என்றான்.

வீடு இரண்டு பட்டுவிட்டது. "இரும்படிக்கவா லட்ச லட்சமாகப் பணம் கட்டிப் படிக்க வைக்கிறேன்?" என்று அப்பா குதிக்கிறார். "எனக்குத் தெரிந்த உலை அரிசி கொதிக்கிற உலைதான். இது என்ன புது உலை?" என்று பாட்டி முகவாய்க்கட்டையில் கை வைத்துக்கொள்கிறார். நடுவில் அம்மா. அவர் கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. கௌரவக் குறைச்சலா? எவ்வளவு செலவாகும்? ஆபத்து உண்டா?

மூன்றும் நல்ல கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

* * *

முதலில் கௌரவம். மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் வழி காட்டிய மைக்கேல் ஃபாரடே யார் தெரியுமா? லண்டனில் ஓர் ஏழைக் கருமானின் பிள்ளை. நம் வீட்டில் மிக்ஸி சுற்றுவதும் விசிறி சுற்றுவதும் அந்தப் பட்டறை வீட்டுப் பிள்ளையின் புண்ணியம். அவர் 1819-ஆம் ஆண்டு இன்னொரு காரியமும் செய்தார். இந்தியாவிலிருந்து போன 'வூட்ஸ்' என்ற உருக்கை வாங்கி, இதற்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி பண்ணினார். நம் தென்னாட்டுக் கொல்லர்கள் மண் குகையில் இட்டு உருக்கிய எஃகு, சீமை விஞ்ஞானியைத் தலையைச் சொறிய வைத்தது!

அதற்கும் வெகு காலம் முன்னால் போகலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பரம்பரை. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களே கிடைத்திருக்கின்றன. ஆகவே, கௌரவக் குறைச்சல் என்ற பேச்சை அப்பா வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சகோதரி, ஒரு விஷயம். பழம் பெருமை பேசுகிற நாம், பக்கத்துத் தெருவில் உலை வைத்திருக்கிறவரை என்ன செய்கிறோம்? நகரத்து எல்லையில் ஒரு பட்டறைக்கு இந்தப் பக்கத்துக்காகப் போயிருந்தேன். ஓலைக் கொட்டகை. கரிப் புகை படிந்த சுவர். அறுபதைத் தாண்டிய பெரியவர் குறட்டில் இரும்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, அவர் மனைவி எதிரே நின்று சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தார். சின்ன சுத்தியலால் பெரியவர் எந்த இடத்தில் தட்டிக் காட்டுகிறாரோ, அதே இடத்தில் அம்மாளின் சம்மட்டி விழுகிறது. ஒரு நூல் தவறவில்லை.

"பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லையா?" என்று கேட்டேன்.

"பெரியவன் டாக்ஸி ஓட்டறான். சின்னவன் செல்போன் கடையிலே இருக்கான். நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன் தம்பி. இதுல என்ன மிஞ்சுது? கத்துக்கறேன்னு யாராச்சும் வந்தா சொல்லிக் குடுக்கலாம். வர்றவங்க போட்டோ புடிச்சுக்கிட்டுப் போயிடறாங்க" என்றார் பெரியவர்.

அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசமா சம்மட்டி நான்தான் போடறேன். போர்டுல இவர் பேரு மட்டுந்தான் இருக்கு."

பெரியவர் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை.

உங்கள் பிள்ளைக்கு முதல் யோசனை இதுதான். செல்போனில் நூறு படம் பார்ப்பதைவிட இப்படி ஒரு பட்டறையில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொல்லுங்கள். சும்மா அல்ல; கற்றுக்கொடுப்பதற்குக் கூலி கொடுத்து. பாட்டு வாத்தியாருக்கும் டியூஷன் வாத்தியாருக்கும் கொடுக்கிறோம். இவரும் வாத்தியார்தானே?

* * *

இனி செலவு. வெளிநாட்டுக்காரர்கள் வைத்திருக்கிற பளபளப்பான சாமான்களைப் பார்த்துப் பையன் பெரிய பட்டியல் போட்டிருப்பான். அதைக் கிழித்துப் போடுங்கள். நெருப்பு, காற்று, அடிப்பதற்கு ஒரு கனமான அடிப்படை, அடிக்க ஒரு சுத்தியல், இந்த நாலுந்தான் பட்டறை. நிதானமாகத் தேடிச் சேகரித்தால் இன்றைக்கு ஒரு கிராம் தங்கம் விற்கிற விலைக்குள்ளேயே முடித்துவிடலாம். தேட வேண்டிய இடம் காயலான் கடை. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை பழைய மோட்டார் சாமான்களுக்குப் பெயர் போன இடம்.

உலை: பழைய லாரி அல்லது காரின் பிரேக் டிரம் ஒன்று போதும். வார்ப்பிரும்பு, சட்டி மாதிரி இருக்கும். அடியில் ஒரு துவாரமுள்ள தகட்டைப் போட்டு, கீழிருந்து காற்று வர ஓர் இரும்புக் குழாய் பொருத்தினால் உலை தயார். ஒரு ஜாக்கிரதை: பழைய பிரேக் தூசியில் கல்நார் கலந்திருக்கலாம். அதை ஊதவோ உதறவோ கூடாது. தண்ணீரில் நனைத்துக் கழுவ வேண்டும். பிரேக் டிரம் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. ஒரு பெட்டியில் களிமண்ணும் மணலும் பிசைந்து நிரப்பி, நடுவில் கிண்ணம் போலக் குழித்து, பக்கவாட்டில் குழாயைச் செருகினாலும் உலைதான். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே நெருப்பு மூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துச் சிதறும்.

காற்று: துருத்தி வாங்க எங்கே போவது? தலைமுடி உலர்த்துகிற டிரையர் போதும்! உங்கள் மகளுடையதை அவன் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் பழையது ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள். சூடில்லாத காற்று வருகிற பித்தானை அழுத்தி, இரண்டு மூன்றடி நீளமுள்ள இரும்புக் குழாய் வழியாக உலைக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் குழாயிலிருந்து கழற்றிவிட வேண்டும். இல்லையேல் உலைச் சூடு திரும்பி வந்து பிளாஸ்டிக் உருகிவிடும். கையால் சுற்றுகிற விசிறி கிடைத்தால் இன்னும் உத்தமம். மின்சாரம் தேவையில்லை; காற்றும் கைக்கு அடங்கி வரும்.

கரி: ஊருக்குள் நிலக்கரி வேண்டாம். அந்தப் புகைக்கு அடுத்த வீட்டு மாமி சும்மா விடமாட்டாள். மரக்கரி போதும். ராமநாதபுரம் சீமையில் சீமைக் கருவேல மரத்தைச் சுட்டு எடுக்கிற கரி நல்ல கரி. கொட்டாங்கச்சிக் கரியும் அருமையாக எரியும். எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிக்கொள்ள வேண்டும். நாலைந்து அங்குல உயரத்துக்குக் கரி இருக்கட்டும்.

அடைகல்: புதிதாக வாங்கினால் பட்ஜெட்டில் துண்டு விழும். ஒரு தண்டவாளத் துண்டு அதன் வேலையைச் செய்யும். நம் ரயில் பாதைத் தண்டவாளம் மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ. அப்படியென்றால் ஓரடித் துண்டு பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து அடித்தால், அடிக்குக் கீழே எடை முழுவதும் நின்று தாங்கும். ஆனால் எங்கே வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. ரசீது இல்லாத தண்டவாளம் வேண்டவே வேண்டாம். பிள்ளை இரும்பைப் பழுக்கக் காய்ச்சலாம். கம்பி எண்ணக் கூடாது! தண்டவாளம் கிடைக்கவில்லையா? ஒரு பழைய சம்மட்டியின் தலையை மரத் திம்மையில் பாதி புதைத்து வைத்தால் கொக்கி ஆணி வேலைக்கு அதுவே தாராளம்.

அடைகல் எந்த உயரம்? நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டி எங்கே வருகிறதோ, அதுதான் உயரம். இதில் சோம்பல்பட்டால் முதுகு பழி வாங்கும்.

சுத்தியலும் குறடும்: ஒரு கிலோ எடைக்கு மேல் சுத்தியல் வேண்டாம். பெரிய சுத்தியல் பெரிய வேலை செய்யும் என்பது பிரமை. கை ஓய்ந்தால் குறி தவறும். குறடு ஆரம்பத்தில் தேவையே இல்லை. இரண்டரை அடி நீளக் கம்பியின் ஒரு நுனியைக் காய்ச்சினால் மறு நுனி கையில் பிடிக்கும்படி இருக்கும். முடிந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

* * *

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆபத்து உண்டா? உண்டு. மறைக்க மாட்டேன். அடுப்படியிலும் உண்டு, ஆனால் அந்த ஆபத்து நமக்குப் பழகிப் போனது. இது பழகாதது. ஆகவே ஐந்து கட்டளைகள். எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஒன்று. உலை திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். கூரை இருக்கலாம், சுவர்கள் கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திராத குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 'மழை வருகிறது, உள்ளே நகர்த்திக்கொள்கிறேன்' என்று அவன் சொன்னால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் இந்த ஆசையே கூடாது.

இரண்டு. ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. தகடு, முலாம் பூசிய ஆணி இவை எதையும் நெருப்பில் வைக்கக் கூடாது. மேலே இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் அடித்துப் போடும். காற்றுக் குழாயும் முலாம் பூசாத கறுப்பு இரும்பாகவே இருக்கட்டும்.

மூன்று. பருத்தித் துணி மட்டும். நைலான், பாலியெஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முந்தானை, துப்பட்டா, தலைமுடி எல்லாம் இழுத்துச் செருகியிருக்க வேண்டும். காலில் மூடிய தோல் செருப்பு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடிக்கிறபோது தெறிக்கிற செதில் நெருப்பாகவே வரும்.

நாலு. ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், கைக்கெட்டும் தூரத்தில். சூடான இரும்பைச் சிமிட்டித் தரையில் வைக்க வேண்டாம்; தரை சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மண் தரையே மேல். ஐந்து வயசுக்காரர்களுக்கும் பூனைகளுக்கும் பட்டறையில் அனுமதி இல்லை.

ஐந்து. இதுதான் எல்லாரையும் ஏமாற்றுவது. இரும்பில் சிவப்பு மறைந்துவிட்டது என்பதால் சூடு மறைந்துவிடவில்லை. நானூறு டிகிரிச் சூட்டிலும் இரும்பு கறுப்பாய், ஒன்றுமறியாத பாப்பாவைப் போலக் கிடக்கும். எடுப்பதற்கு முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மீறிச் சுட்டுக்கொண்டால்? குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். பேனா மை, பற்பசை, தோசை மாவு ஒன்றும் பூசக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

அக்கம்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. அடைகல்லுக்கு அடியில் ஒரு மரத் திம்மையும், மணலும் இருந்தால் 'டங் டங்' பாதியாகக் குறையும். பகல் தூக்க நேரமும் பரீட்சைக் காலமும் நீங்கலாக, நேரம் குறித்துக்கொண்டு அடிக்க வேண்டும். முதலிலேயே இரண்டு பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுவது மரியாதை.

* * *

நெருப்பு மூட்டியாயிற்று. இப்போது என்ன? இங்கேதான் நம் பெண்களுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. கொல்லனுக்கு தெர்மாமீட்டர் கிடையாது. நிறந்தான் கணக்கு. புடவைக் கடையில் 'இது அரக்கு, இது மிளகாய்ப்பழம்' என்று தூரத்திலிருந்தே சொல்லுகிற கண்களுக்கு இது ஒரு பிரமாதமா?

அரக்குச் சிவப்பு என்றால் ஏறக்குறைய 700 டிகிரி. அந்த நிலையில் அடிக்கக் கூடாது. மறுபடி உலைக்குப் போக வேண்டும். கமலா ஆரஞ்சு நிறம் வந்தால் 950. வளைக்கலாம், தட்டலாம். மாம்பழ மஞ்சள் என்றால் 1,100. இரும்பு வெண்ணெயாக இளகும்; அடிப்பதற்கு அதுதான் முகூர்த்தம். அதற்கும் மேலே வெள்ளை வெளேரென்று ஆகி, மத்தாப்பு மாதிரி பொறி சிந்தினால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். காற்றைக் குறை! வெயிலில் இந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லா ஊர்ப் பட்டறையும் நிழலாய், இருட்டாய் இருக்கிறது.

முதல் வேலை ஓர் எஸ் கொக்கி. எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி வாங்கட்டும். கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பி வேண்டாம். தரம் ஒரே சீராக இராது. கம்பியைத் தணலின் நடுவயிற்றில் படுக்கையாக வைக்க வேண்டும். காற்று வருகிற வாயில் குத்தி வைத்தால் துருப்போலச் செதில் கட்டும். மாம்பழ நிறம் வந்ததும் எடுத்து, நுனியை முதலில் சதுரமாகத் தட்ட வேண்டும். பிறகு நாலு மூலையையும் தட்டி எட்டுப்பட்டை. கடைசியில்தான் உருண்டை. எடுத்த எடுப்பில் உருண்டையாகக் கூராக்கினால் நுனி பிளந்துகொள்ளும். மெல்லிய கம்பி ஆனதால் பத்து எண்ணுவதற்குள் நிறம் இறங்கிவிடும். அவசரம் வேண்டாம், திரும்பத் திரும்பக் காய்ச்சலாம். பிறகு ஒரு தடித்த குழாயின் மேல் வைத்து வளைத்தால் கொக்கி. மறு நுனியையும் அப்படியே செய்ய வேண்டியது.

செய்து முடித்த கொக்கியை, கறுப்பு நிறத்துக்கு ஆறிய பிறகும் சூடு இருக்கும்போதே, ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெய் சுட்டுப் படிந்து கறுப்பு மெருகு ஏறும், துரு அண்டாது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிறீர்களே, அதே வித்தைதான்!

கத்தியும் அரிவாளும் முதல் வருஷத்தில் வேண்டாம். அதற்கு லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற எஃகு வேண்டும். துவைச்சல் பிடிக்கத் தெரிய வேண்டும். காந்தம் ஒட்டாத நிலைக்கு, அதாவது ஏறக்குறைய 770 டிகிரிக்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். பதம் தப்பினால் கத்தி கண்ணாடி போல உடையும். அது குரு பக்கத்தில் நின்று சொல்லித் தருகிற பாடம்.

* * *

"இத்தனை பாடுபட்டு ஒரு கொக்கியா? கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்குமே!" என்று அப்பா கேட்பார். கிடைக்கும். அதே கணக்கில் பார்த்தால் முறுக்கும் கடையில் கிடைக்கிறது. பாட்டும் ரேடியோவில் கிடைக்கிறது. கையால் ஒரு பொருளைச் செய்து பார்த்தவனுக்குத்தான் கை வேலைக்கு என்ன விலை என்று தெரியும். காய்கறி அரிகிற அரிவாள்மணையைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு, "இதற்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் பிடித்த கை மறுபடி அந்தப் பேரத்தைப் பேசாது.

கடைசியாக, வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லாவிட்டால் நான் சொன்னதெல்லாம் வீண். தணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கிளறிப் பார்த்து, மறுபடி தெளித்து, உலையைத் தகட்டால் மூட வேண்டும். நனைந்த கரியைக் காய வைத்து மறு தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பலை அன்றைக்கே குப்பைக் கூடையில் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு தணல் விழித்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலை தொட்டுப் பார்த்துக் கொட்டுவதே சரி.

இன்னொன்று, சகோதரி. பிள்ளை இரும்பைத் திருப்பிப் பிடிக்க, எதிரே நின்று அடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும். யாரைக் கூப்பிடலாம் என்று அவன் சுற்றுமுற்றும் பார்ப்பான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள். போர்டு எழுதும்போது மட்டும் இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.